வளர்ற பிள்ளை

தெருவில் அவருக்கு மானேஜர் என்று பெயர். ஆபீசில் கடைசிவரை குமாஸ்தாதான். ஓய்வு பெற்ற மறுநாள் தனக்குத் தானே பதவி உயர்வு கொடுத்துக்கொண்டார். அதிகாரம் பண்ண ஆள் கிடைக்காததால் கொல்லையில் மகள் வளர்த்த கோய் என்ற அலங்கார மீன் குஞ்சுகளை அதிகாரம் பண்ணினார்.

ஒரு பெரிய தார்ப்பாய்த் தொட்டி, அதில் இருநூறு குஞ்சுகள். பாடெல்லாம் மகளுடையது. அவித்த முட்டையின் மஞ்சள் கருவைத் துணியில் கட்டித் தண்ணீருக்குள் பிழிவாள், நாளைக்கு ஐந்து வேளை. கொஞ்சம் வளர்ந்ததும், பாசி பிடித்த தண்ணீரில் தனியாக வளர்த்த நீர்ப்பூச்சிகளை அள்ளிப் போடுவாள்.

"இந்தக் குஞ்சுகள்ல பாதியாவது விரல் நீளம் வந்துடுச்சுன்னா, என் பண்ணையில குஞ்சு வளர்க்கற வேலை உனக்குத்தாம்மா. தங்க ரூமும் இருக்கு" என்று மீன் பண்ணைக்காரர் ஒருவர் சொல்லியிருந்தார். அந்த வீட்டிலிருந்து தப்பிக்க அவளுக்கு இருந்த ஒரே வழி அதுதான்.

மூன்றாம் வாரம் ஒன்று மட்டும் மளமளவென்று வளர்ந்தது. மற்றதெல்லாம் நெல் நீளம், இது விரலில் பாதி. ஒரு நாள் அதன் வாயில் இன்னொரு குஞ்சின் வால் துடித்துக்கொண்டிருந்தது. அவள் உடனே அதை வலையால் அள்ளி வாளியில் போட்டாள்.

"நல்லா வளர்றதைப் போய் ஏன் ஒதுக்கற? வளர்ற பிள்ளை, சாப்பிடட்டும்" என்று மானேஜர் வாளியைத் தொட்டியில் கவிழ்த்தார். அவள் மறுபடி எடுத்தாள், அவர் மறுபடி விட்டார். மூன்றாவது தடவை துணி துவைக்கும் கல்லுக்குப் பின்னால் ஒளித்து வைத்தாள். அந்த மனிதருக்குத் தேடிக் கண்டுபிடிக்க மட்டும் நன்றாகத் தெரியும்.

அண்ணன் விஷயத்திலும் இதே வசனம்தான். வளர்ற பிள்ளை என்று பால் அவனுக்கு, முன்னறை அவனுக்கு, அவள் மேலே படிப்பதற்கு இருந்த பணமும் அவனுக்கு. வளர்ந்து முடித்தவன் இப்போது இந்தப் பக்கம் தலைவைத்துப் படுப்பதில்லை, போனையும் எடுப்பதில்லை.

குஞ்சுகள் குறையக் குறைய மானேஜர் காக்காயைத் திட்டினார், பக்கத்து வீட்டுப் பூனையைத் திட்டினார், தொட்டிக்கு மேலே வலை கட்டினார். திருடனை உள்ளே விட்டுக் கதவைச் சாத்தியிருக்கிறோம் என்பது அந்த மண்டையில் கடைசிவரை ஏறவில்லை.

பண்ணைக்காரர் வந்த அன்று மானேஜர் இஸ்திரி போட்ட சட்டையில் நின்று தன் செல்வமான அந்தப் பெரிய குஞ்சைக் காட்டினார். "எப்படி வளர்த்திருக்கேன் பாருங்க."

"இது கூடப் பிறந்ததைத் தின்னு கொழுத்தது சார். நிறமும் சேத்து நிறம், யாரும் வாங்க மாட்டாங்க. முதல் நாளே எடுத்திருக்கணும்."

"மூணு தடவை எடுத்தேங்க. அப்பா திரும்ப விட்டுட்டாரு" என்றாள் மகள். மானேஜர் அவசரமாக வானத்தில் காக்காய் தேடினார்.

தொட்டியில் நாற்பது கூட மிச்சமில்லை. பண்ணைக்காரர் குனிந்து வெகுநேரம் பார்த்தார். மிச்சக் குஞ்சுகளில் ஒரு துடுப்புகூடக் கிழியவில்லை, தொட்டியின் அடியில் அழுக்கில்லை.

"உன் கை நல்ல கைதாம்மா. நாளைக்கே வந்துடு. இங்க வச்சு எதையும் வளர்க்க முடியாது."

அவள் மிச்சக் குஞ்சுகளை அள்ளிப் பையில் கட்டினாள். பெரியதை மட்டும் விட்டுவிட்டாள்.

"அப்போ இதுக்கு யாரு தீனி போடறது? எனக்குந்தான் யாரு இருக்கா?" என்றார் மானேஜர்.

"அண்ணனுக்குப் போன் பண்ணுங்கப்பா."