இலையின் அடிப்பக்கம்

எங்கள் தெருவில் எதையும் துடைத்துவிட்டுத்தான் தொடுவார்கள். நாற்காலியைத் துடைத்துவிட்டு உட்காருவோம், தட்டைத் துடைத்துவிட்டுச் சோறு போடுவோம். விருந்தாளி வந்தால் "வாங்க" என்று வாய் சொல்வதற்கு முன்பே துணி கைக்கு வந்துவிடும். திருவொற்றியூரைத் தாண்டி எண்ணூர் போகிற வழியில் வீடு. ஒரு பக்கத்துக் காற்றில் அனல்மின் நிலையத்துச் சாம்பல் வரும், இன்னொரு பக்கத்துக் காற்றில் துறைமுகத்துக் கரித்தூள் வரும். காலையில் காயப்போட்ட வெள்ளைச் சட்டை மாலையில் யாரோ நாலு நாள் போட்டுக் கழற்றிய சட்டை மாதிரி இருக்கும். வெளியூர்க்காரர்கள்தான் இதைப் பார்த்து வாயைப் பிளப்பார்கள். எங்களுக்கு இது பல் தேய்ப்பது மாதிரி.

இந்த வீட்டில் இருந்துகொண்டு நான் எடுத்த முனைவர் பட்ட ஆராய்ச்சி, வெப்பமண்டல ரோடோடென்ட்ரான்களின் வகைப்பாடு. கேட்டவர்கள் எல்லாம் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். எதிர்வீட்டு அக்கா தண்ணீர் லாரிக்குக் குடத்தோடு நிற்கும்போது கேட்டதை அப்படியே சொல்கிறேன்.

"அந்தச் செடி நம்ம ஊர்ல கீதா?"

"இல்லக்கா, மலைல தான்."

"இன்னா வியாதிக்கு ஆவும்?"

"ஒண்ணுத்துக்கும் ஆவாதுக்கா."

"அப்பால இன்னாத்துக்குமா அத்த கட்டிகினு மாரடிக்கிற?"

அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இருந்தது, ஆனால் லாரி வருவதற்குள் சொல்லி முடிக்கிற பதில் இல்லை. ரோடோடென்ட்ரான் என்பது மலைகளில் கொத்துக் கொத்தாகப் பூக்கிற, ஆயிரம் வகை உள்ள செடி, மரக் கூட்டம். அதைப் பிரிக்கப் பூவைத்தான் பார்ப்பார்கள் என்று எல்லோரும் நினைப்பார்கள். பூ ஏமாற்றும். முதலில் இலையைத் திருப்பி அடிப்பக்கத்தைப் பார்க்க வேண்டும். அங்கே மீன் செதில் மாதிரி நுண்ணிய செதில்கள் இருந்தால் ஒரு பெரும் பிரிவு, முடி இருந்தால் வேறு பிரிவு. மலேசியா, இந்தோனேசியா மலைகளில் வளரும் வெப்பமண்டல வகைகள் பெரும்பாலும் செதில் கட்சி. நம் நீலகிரியில், பழனி மலையில் வளர்கிற ரோடோடென்ட்ரான் மரமான காட்டுப்பூவரசும் வெப்பமண்டலத்தில்தான் இருக்கிறது, ஆனால் அது முடிக் கட்சி. சொந்தக்காரர்கள் எல்லோரும் இமயமலையில். அங்கிருந்து இது எப்படித் தனியாக இங்கே வந்து நின்றது, இன்னும் இமயமலை மரத்தின் கிளை இனம்தானா, இல்லை தனி இனமாகவே ஆகிவிட்டதா என்பதில் சண்டை இன்னும் தீரவில்லை. அந்தச் சண்டையில் நானும் ஒரு வார்த்தை சொல்லலாம் என்று நினைத்தேன். சொல்ல வேண்டுமென்றால் இலையின் அடியில் இருக்கும் பழுப்பு முடி எனக்கு வேண்டும், வேறு எதுவும் இல்லாவிட்டாலும் பரவாயில்லை.

அந்த முடிக்காக நான் பட்ட பாடு கொஞ்சமில்லை. வனத்துறை அனுமதிக்கு அலைந்து, கிடைப்பதற்குள் ஒரு பூக்காலம் போனது. அடுத்த வருடம் கிடைத்தது. பூவும் இலையுமாக இத்தனை கிளைதான் வெட்டலாம், இத்தனை நாள்தான் என்று நிபந்தனை. பனியில் கை விறைக்க, ஒவ்வொரு கிளையாக வெட்டி, செய்தித்தாளில் விரித்து, பலகை வைத்துக் கட்டிக் கொண்டு இறங்கினேன். என் வழிகாட்டிப் பேராசிரியை, எங்களுக்கு மேடம், முன்பே சொல்லியிருந்தார்: "இந்த வருஷம் எழுதி முடிச்சிடணும்மா. இனிமே நீட்டிப்பு கேட்டா என்னால கையெழுத்துப் போட முடியாது." அதாவது இந்தக் கட்டுதான் என் பட்டம். இது போனால் எல்லாம் போச்சு.

கல்லூரியில் இலை உலர்த்தும் அடுப்பு ரிப்பேர். அது எப்போதும் ரிப்பேர். அதனால் கட்டை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். ஈரத்தாளை எடுத்துவிட்டுக் காய்ந்த தாள் வைப்பது, மாடியில் வெயில் காட்டுவது, மறுபடி கட்டுவது என்று போனது. மூன்றாவது நாள் ஒரு கூட்டத்துக்காகக் கல்லூரி போய்விட்டுச் சாயங்காலம் வந்தேன். கூடத்தில் பாய் விரித்து, அதன்மேல் என் இலைகள் வரிசையாக, பளபளவென்று, எண்ணெய் தடவிய மாதிரி கிடந்தன. அம்மா முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

"இன்னா பாக்குற? எல்லாத்தையும் சுத்தமா தொட்ச்சி வெச்சிட்டேன். அடிப்பக்கம் பூரா பழுப்பா அப்பிக்கினு கீது, ஈரத்துணில தேச்சா வர்ல. அப்பாலிக்கா பழைய பிரஷ்ஷு எடுத்து தேச்சேன். கையெல்லாம் வலி."

பழைய பிரஷ் என்றால் பல் தேய்க்கிற பிரஷ். ஒரு இலையைத் திருப்பினேன். அடிப்பக்கம் மொட்டையாக, வெளிர்பச்சையாக இருந்தது. அடுத்ததைத் திருப்பினேன். அதுவும் அப்படியே. பாய் ஓரத்தில் ஒரு பக்கெட்டு, அதில் பழுப்புத் தண்ணீர். என் இரண்டு வருடம் அந்தப் பக்கெட்டில் இருந்தது.

கத்தினேன். தெருவே கேட்கிற மாதிரி கத்தினேன். "அது தூசி இல்லம்மா, முடி! அதத்தான் நான் படிக்கிறேன்! யார் உன்ன தொடச்சொன்னது?" அம்மாவுக்கு முதலில் புரியவில்லை. இலைக்கு முடி இருக்கும் என்று அவளிடம் யாரும் சொன்னதில்லை. எங்கள் வீட்டில் கறிவேப்பிலையை மூன்று தண்ணீரில் அலசுவார்கள், வெற்றிலையை முந்தானையில் இரண்டு பக்கமும் துடைப்பார்கள். அடியில் பழுப்பாக அப்பிக்கொண்டிருக்கும் இலையைப் பார்த்துச் சும்மா இருக்கிறவர்கள் இந்த வட்டாரத்தில் எந்த வீட்டிலும் கிடையாது.

"எலைய தொட்ச்சது ஒரு குத்தமாடீ?" என்று கேட்டுவிட்டு அம்மா இருமிக்கொண்டே அடுப்படிக்குப் போனாள். அந்த இருமலும் எரிச்சலாகத்தான் இருந்தது. அம்மாவின் மேல் கோபம், அடுப்பைச் சரிசெய்யாத கல்லூரியின் மேல் கோபம், எதையும் இரண்டு நாள் சுத்தமாக வைத்திருக்க முடியாத இந்த ஊரின் மேல் எல்லாவற்றையும்விடக் கோபம். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழியை உடைக்கவே சிலருக்குப் பிறப்பு என்று நினைத்தேன். யாரை நினைத்து அப்படி நினைத்தேன் என்று எனக்கே தெரியவில்லை.

பிறகு பார்த்தால் கட்டின் அடியில் நாலைந்து தாள் பிரிக்காமல் இருந்தன. கேஸ்காரன் வந்து கூப்பிட்டதால் அம்மா அதோடு நிறுத்தியிருக்கிறாள். கடவுள் நம்பிக்கை எனக்குக் கொஞ்சம்தான், அன்றைக்கு அந்த கேஸ்காரனைக் கும்பிட்டிருப்பேன். மறுநாள் விடிந்ததும் அந்தக் கட்டை மடியில் வைத்துக்கொண்டு மெட்ரோவில் போனேன். பக்கத்து சீட்டில் இருந்தவர் சாய்ந்தபோதுகூட முறைத்தேன்.

மேடம் ஒரு இலைத்துண்டை நுண்ணோக்கியில் வைத்தார். குனிந்தவர் நிமிரவில்லை. "இங்க வா" என்றார். குரலே மாறியிருந்தது. பார்த்தேன். கிளைவிட்ட முடிகள், புதர் மாதிரி. அவற்றுக்கு நடுவே குட்டிக் குட்டி உருண்டைகள். கண்ணாடி மணி மாதிரி வழவழப்பு, சில தெளிவாக, சில கறுப்பாக.

"சுரப்பி மாதிரி இருக்கேம்மா! காம்பே இல்லாத சுரப்பி. இந்த மரத்துல இதை யாரும் எழுதினதா எனக்கு ஞாபகம் இல்ல." பக்கத்து அறையில் இருந்த ஆசிரியர்களைக் கூப்பிட்டுக் காட்டினார். இமயமலை மரத்தில் இல்லாதது இதில் இருக்கிறதென்றால் இது தனி இனம் என்பதற்கு அதைவிடப் பெரிய சாட்சி வேண்டாம். எல்லோரும் என் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். பழம் நழுவிப் பாலில் விழுந்தது என்று நானும் நம்பினேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், மதிய சாப்பாட்டு நேரம் முழுக்க அந்த மரத்துக்கு என்ன லத்தீன் பெயர் வைக்கலாம் என்று யோசித்தேன். அம்மாவின் பெயரைச் சேர்த்தால் லத்தீனில் எப்படி ஒலிக்கும் என்றுகூடச் சொல்லிப் பார்த்தேன். முந்தின நாள் கத்தியதற்கு அது ஈடாகும் என்று தோன்றியது.

சாப்பிட்டுவிட்டு வந்து இலையின் மேல்பக்கத்தைப் பார்த்தேன். முடியே இல்லாத பக்கம். அங்கேயும் மணிகள். குச்சியின் பட்டையில் பார்த்தேன். அங்கேயும். சுரப்பி அப்படிக் கண்ட இடத்தில் முளைக்காது. இலையைச் சுற்றியிருந்த செய்தித்தாளில் ஒரு துண்டு கிழித்து வைத்தேன். மணிகள். கடைசியாக என் கைப்பையின் மடிப்பில் செல்லோடேப்பை ஒட்டி எடுத்து, அதையும் வைத்தேன். அதே உருண்டை, அதே வழவழப்பு, அதே கண்ணாடி. எரிந்து பறந்த கரியின் சாம்பல், சூட்டில் உருகி உருண்டையாகி, நுண்ணோக்கியில் முத்து மாதிரி அழகாக இருந்தது. மலையில் இருந்து வந்தது இல்லை. எங்கள் மாடியில் இருந்து வந்தது.

மேடத்திடம் சொன்னேன். அவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். கோபித்துக்கொள்ளவில்லை, அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது.

"அந்த மாதிரி இடத்துல ஏன்மா கொண்டுபோய் வெச்ச?"

அந்த மாதிரி இடம். பிறந்ததிலிருந்து நான் தூங்கி எழுகிற இடம்.

"எத்தனை நாள் இருந்தது அங்க?"

"நாலு நாள் மேடம்."

"முடிக்குள்ள எல்லாம் போய் உட்கார்ந்துடுச்சு. கழுவினா முடியும் போயிடும். இதை வெச்சு எதுவும் சொல்ல முடியாது. தூக்கிப் போட்டுடு." கொஞ்சம் யோசித்துவிட்டு, "அடுத்த பூக்காலத்துக்கு மறுபடி அனுமதி கேட்டுப் பாரு, நீட்டிப்புக்கு நான் பேசிப் பார்க்கிறேன்" என்றார். பேசிப் பார்க்கிறேன் என்பதற்கு எங்கள் கல்லூரியில் என்ன அர்த்தம் என்பது எனக்குத் தெரியும்.

வீட்டுக்கு வரும்போது அம்மா வாசலில் நின்றுகொண்டிருந்தாள். முந்தின நாள் கத்தியதிலிருந்து நாங்கள் பேசவில்லை. கை கால் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தேன். அம்மா தட்டை எடுத்துத் துணியால் துடைத்தபடி, என்னைப் பார்க்காமல் கேட்டாள்.

"மீந்த எலையாவது தேறிச்சா? இன்னா சொன்னாங்க உங்க மேடம்?"

"தேறலம்மா. நம்ம வூட்டு சாம்பல் உள்ள பூந்துட்ச்சாம். இனிமே அது ஒண்ணுத்துக்கும் உதவாதாம்."

"எத்தினி நாளு இருந்துது இங்க?"

"நாலு நாளு."

அம்மாவுக்கு இருமல் வந்தது. வாயை முந்தானையால் பொத்திக்கொண்டு இருமி முடித்தாள்.

"நாலு நாளைக்கேவா?" என்றாள்.

தட்டைத் திருப்பி, அடிப்பக்கத்தையும் ஒருமுறை துடைத்து, என் முன்னால் வைத்துச் சோறு போட்டாள்.