ஏரிக்குள் ஓடிய மோட்டார் சைக்கிள்

அறுபதுகளின் நடுவில், ஒரு சித்திரை மாதத்து ஞாயிற்றுக்கிழமை நடந்தது இது. எனக்குக் கல்யாணமாகி இரண்டாவது வருஷம். முதல் பிள்ளை வயிற்றில். உத்திரமேரூரில், ஏரிக்கரையை ஒட்டி, காஞ்சிபுரம் ரோட்டைப் பார்த்தாற்போல எங்கள் கூரை வீடு.

என் வீட்டுக்காரர் ஆயில் இன்ஜின் ரிப்பேர் பார்ப்பவர். சுற்று வட்டாரத்தில் எந்தக் கிணற்றில் இன்ஜின் நின்றுபோனாலும் அவரைத் தேடித்தான் ஆள் வரும். சைக்கிளில் அலைந்து முடியவில்லை என்று, மெட்ராஸில் பட்டாளத்துப் பழைய சாமான்களை ஏலம் விட்ட இடத்திலிருந்து ஒரு மோட்டார் சைக்கிளைக் கொண்டு வந்தார். ஓட்டிக்கொண்டு வரவில்லை. சக்கரம் தனியாக, இன்ஜின் தனியாக, மிச்சமெல்லாம் கோணி மூட்டையில். அதையெல்லாம் ஒன்று சேர்த்து ஓட வைக்க அவருக்கு வருஷக்கணக்கில் ஆயிற்று. நான் மருமகளாக வந்தபோது அது ஓடிக்கொண்டிருந்தது.

என் பெற்றோர் புள்ளலூரில் கூலி வேலைக்குப் போனவர்கள். அவர் வீட்டிலும் அப்படித்தான். எங்கள் சனத்தில் மோட்டார் சைக்கிள் வைத்திருந்தவர் அவர் ஒருத்தர்தான். அவருக்கு அது பெருமை. எனக்கு அது பயம். சாயங்காலம் வேலைக்குப் போன இடத்திலிருந்து அவர் திரும்புகிற நேரம் தாண்டினால் போதும், எனக்கு அடுப்பில் இருப்பது கூடத் தெரியாது. ரோட்டில் அந்தச் சத்தம் கேட்ட பிறகுதான் மூச்சு சீராகும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வேதக் கோயிலுக்குப் போய் ஜெபம் முடித்து வந்து, அவர் வழக்கம்போல் வேப்பமரத்தடியில் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார். ரோட்டில் வரிசையாகக் கார்கள் வந்தன. எல்லாம் பழங்காலத்துக் கார்கள். ஒன்றுக்கு மேற்கூரை துணி. ஒன்றுக்கு முன் விளக்கு அண்டா அளவு இருந்தது. மெட்ராஸில் பழைய கார்களின் மேல் ஆசை வைத்தவர்கள் சிலர் சேர்ந்து, நம் ஊர்க் கல்வெட்டுக் கோயிலைப் பார்க்கக் கிளம்பி வந்தார்களாம். அது எங்களுக்குப் பிறகுதான் தெரியும். முன்னால் போனவை போய்விட்டன. கடைசியில் வந்த கறுப்புக் கார் மட்டும் மூக்கிலிருந்து ஆவி விட்டுக்கொண்டு எங்கள் வீட்டெதிரே நின்றது. அதற்குத் துணையாக இன்னொரு காரும் நின்றது.

கறுப்புக் காரின் ஸ்டீயரிங் பக்கக் கதவைத் திறந்து இறங்கியது ஒரு பெண்மணி. கைத்தறிப் புடவை, கொண்டை, நாற்பது வயதுக்கு மேல் இருக்கும். ஒரு பெண் கார் ஓட்டி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, முன்மூடியைத் தூக்கி வைத்து, சூடு தணியட்டும் என்று காத்திருந்தார். பிறகு என்னிடம் வந்தார்.

"ஏம்மா, கொஞ்சம் தண்ணி கிடைக்குமா? காருக்கும் வேணும், எனக்கும் வேணும்."

குடத்தைத் தூக்கிவிட்டேன். சொம்பில் மொண்டு நீட்டத்தான் தயக்கமாக இருந்தது. அந்தக் காலத்தில் வெளியாட்கள் எங்கள் தெருவில் தண்ணீர் வாங்கிக் குடிக்க மாட்டார்கள். அந்த அம்மாள் என் கையிலிருந்து சொம்பை வாங்கி, கழுத்தில் வழிய வழியக் குடித்தார். இன்னொரு சொம்பு வாங்கிக்கொண்டு போய், காருக்குள் உட்கார்ந்திருந்தவரின் கையைப் பிடித்து அதில் வைத்தார். அவர் கணவர். இறங்காமல் நேராகப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். பெரிய மனுஷர், வெயிலுக்குப் பயந்து இறங்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

இதற்குள் இன்னொரு காரில் வந்த நண்பர்கள் வேப்பமரத்தடிக்குப் போய்விட்டார்கள். காரையெல்லாம் மறந்துவிட்டு, எங்கள் மோட்டார் சைக்கிளைச் சுற்றிச் சுற்றி வந்தார்கள். ஒருவர் காலேஜ் நாளில் தான் வைத்திருந்த வண்டியைப் பற்றிச் சொன்னார். இன்னொருவர் இப்போது மெட்ராஸிலேயே செய்கிற புது வண்டிகளின் சத்தம் தனக்குப் பிடித்திருக்கிறது என்றார். முதலாமவர் ஒப்புக்கொள்ளவில்லை. "கார் பைத்தியம் எல்லாருமே மொதல்ல மோட்டார் சைக்கிள் பைத்தியம்தான் தம்பி. கல்யாணம் ஆனதும் நாலு சக்கரத்துக்கு மாறிட்டோம்" என்று என் வீட்டுக்காரரிடம் சொல்லிச் சிரித்தார். அவருக்கோ தலைகால் புரியவில்லை. தன் வண்டியை மதித்து இத்தனை பேர் பேசியது அன்றைக்குத்தான். ஸ்டார்ட் பண்ணிக் காட்டு என்றார்கள். ஒரே மிதியில் ஸ்டார்ட் பண்ணினார்.

சத்தம் கேட்டதும் காருக்குள் இருந்தவரின் தலை திரும்பியது. நண்பர்கள் போதும் என்று கை காட்ட, என் வீட்டுக்காரர் இன்ஜினை நிறுத்தப் போனார்.

"நிறுத்தாதே தம்பி. அப்படியே ஓடட்டும்."

கதவைத் திறந்துகொண்டு அவர் இறங்கினார். காரின் பக்கவாட்டைத் தடவிக்கொண்டே வந்து, அது முடிந்த இடத்தில் நின்றுவிட்டார். அந்த அம்மாள் ஓடிவந்து முழங்கையைப் பிடித்துக் கூட்டிப் போனார். அப்போதுதான் அவருக்குக் கண் தெரியாது என்று எனக்குப் புரிந்தது.

அவர் கை முதலில் பெட்ரோல் டேங்க்கைத் தொட்டது. பிறகு விளக்கு, ஹேண்டில் பார், சீட்டுக்குக் கீழே இருக்கிற ஸ்பிரிங். சூடாக இருக்கும் என்று என் வீட்டுக்காரர் தடுப்பதற்குள், சைலன்சருக்குக் கிட்டே போன கை தானே விலகிக்கொண்டது. உலகச் சண்டையின்போது பட்டாளத்தில் இருந்தவராம். பர்மா எல்லையில், மழையிலும் சேற்றிலும், ஒரு முகாமிலிருந்து இன்னொரு முகாமுக்குத் தகவல் கொண்டுபோகிற வேலை. இதே ஜாதி வண்டி. ஊர் திரும்பிய பிறகு கொஞ்சம் கொஞ்சமாகப் பார்வை மங்கி, சில வருஷங்களுக்கு முன் முழுசாகப் போய்விட்டது. இதையெல்லாம் சொன்னது அந்த அம்மாள்தான். கணவரோ வண்டியிலிருந்து கையை எடுக்கவே இல்லை.

பிறகு மனைவி இருந்த பக்கம் முகத்தைத் திருப்பி, மெதுவாகக் கேட்டார்.

"ஒரே ஒரு தடவை."

அந்த அம்மாள் ரோட்டை இரண்டு பக்கமும் பார்த்தார்.

"ரோட்டுல வேணாம்" என்றார் கடைசியில். வேண்டாம் என்பதைத்தான் அப்படிச் சொல்கிறார் என்று எனக்குத் தோன்றியது. என் வீட்டுக்காரர் சும்மா இருந்திருக்கலாம்.

"ஏரி காஞ்சி கெடக்குது சார். மைதானம் மாதிரி கீது. நான் பின்னால குந்திக்கினு வழி சொல்றேன்" என்றார்.

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. வயிற்றில் பிள்ளையோடு நான் ஒருத்தி நிற்கிறேன் என்ற நினைப்பே இல்லையா இந்த மனுஷனுக்கு? அத்தனை பேர் முன்னால் என்ன பேசுவது? தரையைப் பார்த்தேன்.

அந்த அம்மாள் நேராக என் முன்னால் வந்து நின்றார். "என் வீட்டுக்காரருக்கு நான் சரின்னு சொல்லலாம். உன் வீட்டுக்காரருக்கு நீதாம்மா சொல்லணும். நீ வேணாம்னா வேணாம். யாரும் ஒண்ணும் நினைச்சுக்க மாட்டோம்" என்றார்.

அதுவரைக்கும் எந்த விஷயத்திலும் யாரும் என்னைக் கேட்டது கிடையாது. கல்யாணத்துக்கே கேட்கவில்லை. வேண்டாம் என்று சொல்லத்தான் நிமிர்ந்தேன். கண் தெரியாத அந்த மனுஷர் டேங்க்கின் மேல் கையை வைத்து நின்றிருந்தார். என் பதிலுக்காகக் காத்திருக்கிறார் என்பது முகத்தில் தெரிந்தது. என் வீட்டுக்காரரும் என்னைத்தான் பார்த்தார்.

"இன்னாமே சொல்ற?"

"கூட்டிகினு போ. ஆனா மெதுவா" என்றேன்.

வண்டியைத் தள்ளிக்கொண்டு கரை ஏறி, மறுபக்கம் இறக்கினார்கள். மழைக்காலத்தில் கடல் மாதிரி கிடக்கிற ஏரி, அன்று கண்ணுக்கெட்டிய மட்டும் வெடித்த மண்ணாகக் கிடந்தது. நடுவில் மாட்டு வண்டிகள் போய்ப் போய்ப் பதிந்த தடம். தூரத்தில், மதகுக்குப் பக்கத்துப் பள்ளத்தில் மட்டும் கொஞ்சம் தண்ணீர் நின்றது. இடது தோளில் தட்டினால் இடப்பக்கம், வலது தோளில் தட்டினால் வலப்பக்கம், இரண்டிலும் தட்டினால் நிறுத்த வேண்டும். இப்படிப் பேசி வைத்துக்கொண்டார்கள். கண் தெரியாதவர் செருப்பைக் கழற்றிவிட்டு, வெறுங்காலால் கியர் எங்கே இருக்கிறது என்று தேடிப் பார்த்தார். பிறகு அவரே மிதித்து ஸ்டார்ட் பண்ணினார்.

முதலில் வண்டி குடித்தவன் மாதிரி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்ந்தது. கொஞ்ச தூரம் போனதும் நேரானது. அவருடைய முதுகும் நேரானது. கரை மேல் நின்று பார்த்துக்கொண்டிருந்த நண்பர்கள் கை தட்டினார்கள். அந்த அம்மாள் தட்டவில்லை. என் பக்கத்தில் வந்து நின்று, கேட்காமலே என் கையைப் பிடித்துக்கொண்டார்.

சத்தம் மாறியது. வேகம் கூட்டிவிட்டார். மெதுவாக என்று சொன்னேனே! அந்த நேரம் பார்த்து, கருவேல மரங்களுக்குப் பின்னாலிருந்து ஒரு ஆட்டு மந்தை தடத்துக்குள் இறங்கியது. ஆடுகள் மிரண்டு நாலாப் பக்கமும் ஓடின. புழுதி எழும்பி ஆட்டையும் மறைத்தது, வண்டியையும் மறைத்தது. மதகுப் பள்ளம் இருக்கிற பக்கம்தான் வண்டி போனது. அப்புறம் இன்ஜின் சத்தம் நின்றுவிட்டது.

நான் கத்த வாயெடுத்தேன். அந்த அம்மாள் என் கையை இறுக்கினார். "கூப்பிடாதேம்மா. நம்ம பயம் அவர் காதுல விழுந்துடும்" என்றார். அவர் உதடு வெளுத்துப் போயிருந்தது. கண்ணை மட்டும் அந்தப் புழுதியிலிருந்து எடுக்கவில்லை. ஆண்டவரே, ஆண்டவரே என்று மட்டும் நான் மனசுக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன்.

எவ்வளவு நேரமோ தெரியாது. புழுதிக்குள் யாரோ மிதிக்கிற சத்தம். இன்ஜின் இருமியது, நின்றது. மறுபடி ஒரு மிதி. பிடித்துக்கொண்டது. புழுதியைக் கிழித்துக்கொண்டு வண்டி எங்களைப் பார்த்து வந்தது. ஓட்டியது அவர்தான். பின்னால் என் வீட்டுக்காரர் தலை முதல் கால் வரை செம்மண்ணாக இருந்தார். பல் மட்டும் வெள்ளையாகத் தெரிந்தது.

விழுந்துதான் இருந்தார்கள். ஆனால் பள்ளத்தில் இல்லை, அதற்கு இப்பால் புழுதி மண்ணில். "நான் தட்டறதுக்கு முன்னயே வண்டிய ஒடிச்சித் திருப்பிட்டாரு. எப்டின்னே தெரியல" என்றார் என் வீட்டுக்காரர், திகைப்போடு.

"காத்து திடீர்னு குளுந்துது. கிட்ட தண்ணி இருக்குன்னு தெரிஞ்சுது" என்றார் கண் தெரியாதவர். வண்டியின் மேல் சாய்ந்துகொண்டு அழுதார். வெட்கப்படாமல் அழுதார். நண்பர்கள் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள். அந்த அம்மாள் பக்கத்தில் போய் முந்தானையால் அவர் முகத்து மண்ணைத் துடைத்தார். "முட்டியில ரத்தம் வருது" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

காயத்தைக் கழுவித் தேங்காய் எண்ணெய் வைத்தேன். என் வீட்டுக்காரர் ஓடிப்போய் நுங்கு வெட்டி வந்தார். காரும் ஆறியிருந்தது. கோயிலுக்குப் போன மற்றவர்கள் காத்திருப்பார்கள் என்று புறப்பட்டார்கள். ஆண்கள் இன்னும் வண்டியைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார்கள். கண் தெரியாதவரும் என் வீட்டுக்காரரும் நேற்றுவரை கூடவே இருந்தவர்கள் மாதிரி தோளில் கை போட்டுக்கொண்டு நின்றார்கள்.

அந்த அம்மாள் காரில் ஏறப் போகும்போது கேட்டுவிட்டேன். "பயமா இல்லியாம்மா ஒங்களுக்கு?"

"இல்லாம என்ன? உயிரே போயிடுச்சு" என்றார். பிறகு கார்க் கதவைப் பிடித்துக்கொண்டே சொன்னார். "அவருக்குக் கண்ணு போனப்புறம்தான் நான் கார் ஓட்டக் கத்துக்கிட்டேன். முதல் நாளே கொண்டுபோய்ச் சுவத்துல இடிச்சேன். அவருக்கு நெத்தியில தையல். மறுநாள் காலையில நான் எழுந்து வர்றதுக்குள்ள, அவர் கார்ல பக்கத்து சீட்டுல உட்கார்ந்திருந்தார்."

ஏறி உட்கார்ந்து ஓட்டிக்கொண்டு போய்விட்டார். அவர்கள் பெயரைக் கூட நாங்கள் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. அவர்களை மறுபடி பார்க்கவும் இல்லை. அன்று ராத்திரி என் வீட்டுக்காரரிடம் சண்டை போட வேண்டும் என்று பகலெல்லாம் வார்த்தைகளைச் சேர்த்து வைத்திருந்தேன். அவர் கால் நீட்டிப் படுத்துக்கொண்டு, "நல்லவேள, நீ சரின்னு சொன்ன" என்றார். சேர்த்து வைத்ததெல்லாம் மறந்துபோயிற்று.

அதன் பிறகு எங்கள் வாழ்க்கையில் எத்தனையோ நடந்தது. மூத்த மகள் நர்ஸ் வேலைக்குத் தனியாக வெளிநாடு போகிறேன் என்று வந்து நின்றபோது, அவளை அனுப்பாதே என்று சொன்னவர்கள்தான் அதிகம். எனக்கும் பயம்தான். அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே போய் வா என்றேன்; பஸ் ஏற்றிவிட்டு வந்துதான் அழுதேன். பயம் போன பிறகு நம்மவர்களை விடலாம் என்று காத்திருந்தால் ஒருநாளும் விடமாட்டோம் என்பதை, ஏரிக்கரையில் என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்ற அந்த அம்மாள்தான் எனக்குக் காட்டிவிட்டுப் போனார்.