லேத் பிடித்த கையில் இறங்கிய அருள்

எல்லோருக்கும் வணக்கம். என் பெயர் கலைவாணி. பொம்மனஹள்ளியில் ஒரு கார்மென்ட்ஸில் லைன் சூப்பர்வைசர். நாற்பது பெண்கள் என் கீழே தைக்கிறார்கள். யார் அழுதாலும் தேற்றுகிறவள் நான்தான்.

போன வருடம் ஆடி மாதம் என் மார்பில் இருந்த கட்டி புற்றுநோய் என்றார்கள். முதலில் ஆறு கீமோ, அப்புறம் ஆபரேஷன். இரண்டு கீமோவிலேயே ஒடுங்கிப் போனேன். மூன்றாவதுக்குப் போனபோது ஆஸ்பத்திரி வாசலில் அந்த மருந்து வாசனை மூக்கில் ஏறியது. ஆட்டோவிலேயே வாந்தி எடுத்துவிட்டேன்.

"வீட்டுக்குத் திருப்பச் சொல்லுங்க. செத்தாலும் பரவால்ல, என்னால முடியாது" என்றேன்.

என் கணவர் செல்வம் திட்டவில்லை. திருப்பச் சொன்னார். டாக்டரம்மாவிடம் போனில் பேசி ஒரு வாரம் தவணை கேட்டார். நான் முருகன் படத்துக்கு முன்னால் உட்கார்ந்து அழுதேன். நோயை எடுத்துவிடு என்று கேட்கவில்லை. கீமோ ஏற்றும் அந்த நாற்காலியில் போய் உட்காரத் தைரியம் கொடு என்று மட்டும் கேட்டேன்.

செல்வம் பொம்மசந்திராவில் இரும்பு கடையும் லேத் மெஷின் ஓட்டுகிறவர். பேச்சு குறைவு. கூட வேலை செய்யும் ஒருவர் ரெய்கி பற்றிச் சொல்லியிருக்கிறார். கைகளை வைத்து, பிரபஞ்ச சக்தியை வேண்டி அழைப்பது. கேட்டதும் எனக்கு எரிச்சல்தான் வந்தது. "கை வெச்சா போயிடுமா இது? போங்க" என்றேன்.

அவர் போனார். அந்த சனி, ஞாயிறு இரண்டு நாளும் தொம்மலூரில் ரெய்கி சொல்லித்தரும் பாரதி மேடத்திடம் உட்கார்ந்து கற்றுக்கொண்டார். மேடம் முதலிலேயே சொல்லிவிட்டாராம்: "மருந்த நிறுத்தச் சொல்றது ரெய்கியே இல்ல. மருந்தோட சேர்த்து செய்யுங்க." டாக்டரம்மாவையும் கேட்டோம். "மாடிக்கொள்ளி. ஆதரெ ட்ரீட்மென்ட் மாத்ர பிடபேடி" என்று கன்னடத்தில் சொன்னார். செய்துகொள்ளுங்கள், சிகிச்சையை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

ஞாயிறு சாயங்காலம் அவர் என் தலையில் கை வைத்தார். இரும்புச் சீவல் கீறிக் கீறிக் காய்த்துப்போன கை. கொஞ்ச நேரத்தில் இதமான சூடு இறங்கியது.

"கை சுடுதே, என்ன பண்றீங்க?"

"ஒண்ணும் பண்ணல. சும்மா வெச்சிருக்கேன்."

"சும்மா வெச்சா சுடுமா?"

"தெரியலம்மா. நீ நல்லா இருக்கணும்னு நெனச்சுக்கிட்டே வெச்சிருக்கேன்."

உடைந்து அழுதேன். எத்தனையோ நாளுக்குப் பிறகு அசந்து தூங்கினேன். அதன் பிறகு தினமும் காலையில், அவர் ஷிப்டுக்குக் கிளம்பும் முன் அரை மணி நேரம். தவணை முடிந்த நாள் நானே அவரை எழுப்பி, "கிளம்புங்க, நேரமாச்சு" என்றேன். ஊசி ஏறும்போது அவர் கை என் தோளில் இருந்தது. குமட்டல் அன்றும் இருந்தது. பயம் இல்லை. கேட்டதைக் கடவுள் கொடுத்துவிட்டார் என்று அந்த நாற்காலியிலேயே எனக்குத் தெரிந்தது.

அதையும் சேர்த்து மிச்சம் இருந்த நான்கு கீமோவையும் ஒரு நாள்கூடத் தள்ளாமல் முடித்தேன். ஆபரேஷனும் நல்லபடியாக முடிந்தது. இப்போது பரிசோதனைக்கு மட்டும் போகிறேன். கட்டியைக் கரைத்தது மருந்து. அந்த மருந்தை வாங்கிக்கொள்ள என்னை உட்கார வைத்தது ரெய்கி. இரண்டுக்கும் கை கூப்புகிறேன்.

நானும் ரெய்கியில் முதல் நிலை கற்றுக்கொண்டுவிட்டேன். போன மாதம் என் லைனில் தைக்கும் ரேணுகாவுக்கு முதல் கீமோ. லீவு போட்டு அவளோடு போனேன். "அக்கா, கைய எடுக்காதீங்க" என்றாள். எடுக்கவில்லை.

பயத்தில் சிகிச்சையைப் பாதியில் விட நினைப்பவர்கள் இந்தக் கூட்டத்தில் யாராவது இருந்தால், விடாதீர்கள். டாக்டர் சொன்ன நாளில் போங்கள். கூடவே கடவுளிடம் கேளுங்கள். வாய்விட்டுக் கேளுங்கள். பதில் வரும், உங்கள் வீட்டு ஆள் வழியாகவே வரலாம்.

என் பதில் அதோ கடைசி வரிசையில், நீலச் சட்டையில், தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறது. எழுந்து நிற்கச் சொன்னால் நிற்காது. அதனால் நீங்களே திரும்பிப் பாருங்கள்.