வடக்குச் சுவர்ப் படுக்கை

பயம் எனக்குக் கூடப் பிறந்தது. அடுப்பை அணைத்தோமா என்று மல்லாங்கிணறு பஸ் நிறுத்தத்திலிருந்து வீட்டுக்குத் திரும்பி ஓடுகிறவள் நான். அருப்புக்கோட்டையில் நான் நர்ஸாக வேலை பார்க்கும் சின்ன ஆஸ்பத்திரியில், ஊசி போடும் முன் நோயாளியிடம் இரண்டு தடவை பேர் கேட்பேன். "அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்" என்று கூட வேலை பார்க்கிறவர்கள் கேலி செய்வார்கள். செய்யட்டும்.

அன்று காலை நான் வேலைக்கு வந்ததும், இரவு டூட்டி முடிந்த இளைய நர்ஸ் கைப்பையை மாட்டிக்கொண்டே விவரம் சொன்னாள். "தெக்குச் சுவர்ல கடைசி பெட்டு, சுகர்காரருக்கு இன்சுலின் போட்டாச்சுக்கா. சாப்பிட மட்டும் சொல்லுங்க." சொல்லிவிட்டுப் பரளச்சி பஸ்ஸைப் பிடிக்க ஓடிவிட்டாள்.

வார்டுக்குள் போனேன். அந்த சுகர்காரர், டவுனில் தறி நெய்கிறவர், எதிர்வரிசையில் வடக்குச் சுவர்ப் படுக்கையில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"என்ன சிஸ்டர், எனக்கு இன்னிக்கு ஊசி கிடையாதா? பசிக்குது. இட்லி சாப்பிட்டுறவா?"

"நீங்க எதுக்கு இங்க இருக்கீங்க?"

"இந்த பெட்டுக்காரரு சம்சாரம் ராத்திரி ஒரே அழுகை. வீட்டுக்காரரு வடக்க தல வச்சுப் படுத்திருக்காரு, உசுருக்கு ஆகாதுன்னு. எனக்கு எந்தத் திக்கா இருந்தா என்ன? எடம் மாறிக்கிட்டோம்."

திரும்பிப் பார்த்தேன். தெற்குச் சுவரின் கடைசிப் படுக்கையில், முந்தின நாள் காய்ச்சலோடு சேர்ந்த நரிக்குடிக்காரர் கிடந்தார். அவருக்குச் சுகரே கிடையாது. மனைவி முந்தானையால் அவர் நெற்றியை ஒற்றிக்கொண்டிருந்தார். அந்தம்மா முகமெல்லாம் சிரிப்பு.

"காச்ச விட்டுருச்சு தாயி. எப்படி வேர்க்குது பாருங்க."

எங்கள் பக்கத்தில் காய்ச்சல்காரருக்கு வேர்த்துவிட்டால் கண்டம் தாண்டிவிட்டார் என்று அர்த்தம். நான் அவர் கையைத் தொட்டேன். ஜில்லென்று இருந்தது. தோளை உலுக்கிக் கூப்பிட்டேன். வாய் குழறியதே தவிரக் கண் திறக்கவில்லை. விரல் நுனியில் குத்திச் சர்க்கரை பார்த்தேன். அளவைப் பார்த்ததும் எனக்கும் வேர்த்தது. யாருக்கோ போட வேண்டிய இன்சுலின் இவர் ரத்தத்தில் இருந்த சர்க்கரையையெல்லாம் இழுத்துக்கொண்டிருந்தது. இன்னும் இறங்கினால் வலிப்பு வரும். அதற்கு மேல் நினைக்க எனக்குத் தெம்பில்லை.

அந்தம்மா காப்பி டம்ளரை அவர் வாயருகே கொண்டுபோனார். "குடுக்காதீங்க, புரையேறிரும்!" என்று நான் போட்ட சத்தத்தில் டம்ளர் கீழே விழுந்தது. டாக்டர் ஓடிவந்தார். கையில் ஏற்கெனவே போட்டிருந்த ஊசிக்குழாய் வழியாகக் குளுக்கோஸ் செலுத்தச் சொன்னார். அதை மெதுவாகத்தான் செலுத்த வேண்டும். என் கை பறந்தது. அதை மனசுக்குள் அதட்டி அதட்டி நிதானப்படுத்தினேன். கொஞ்ச நேரத்தில் அவர் கண்ணைத் திறந்து, "ஆட்டுக்குத் தண்ணி காட்டியாச்சா?" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

இன்சுலின் அத்தோடு விடாது, மறுபடியும் இழுக்கும். பகல் முழுக்க அவர் விரலைக் குத்திக் குத்திப் பார்த்துக்கொண்டே இருந்தேன். "என்னயச் சல்லடையாக்கிட்டீகளே" என்று சலித்துக்கொண்டார்.

மத்தியானம் அந்தம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். "நல்லவேள தாயி, எடத்த மாத்துனேன். வடக்க தல வச்சே கெடந்திருந்தா இந்நேரம் அவுகள வாரிக் குடுத்திருப்பேன்."

எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. ஆனால் அந்தப் பிழைத்த சந்தோஷத்தின் மேல் எப்படி எரிந்து விழுவது? டாக்டரையும் கூட வைத்துக்கொண்டு உள்ளதைச் சொன்னேன். அது எதிர்ப் படுக்கைக்காரருக்குப் போட வேண்டிய ஊசி. ஆளைக் கேட்காமல் படுக்கையைப் பார்த்துப் போட்டது எங்கள் தப்பு.

"ஊசி போடும்போது அந்தப் பிள்ளை பேர் கேக்கலியா?" என்றேன்.

"கேட்டுச்சு. அவுக காச்ச மயக்கத்துல கெடந்தாக." அந்தம்மா தலையைக் குனிந்துகொண்டார். "புருசன் பேர நான் எப்படித் தாயி சொல்லுவேன்? சிரிச்சேன். அந்தப் புள்ளயும் சிரிச்சிட்டு ஊசியப் போட்டுட்டுப் போயிருச்சு."



மறுநாள் காலை, காய்ச்சலுக்கான ஊசியோடு போனேன். அவர் அசந்து தூங்கிக்கொண்டிருந்தார். நான் வாயைத் திறக்கும் முன்பே அந்தம்மா எழுந்து நின்றார். தாலியைக் கையில் பிடித்துக்கொண்டார். புருஷன் பேரையும் ஊரையும் வார்டே திரும்பிப் பார்க்கும்படி சத்தமாகச் சொன்னார். சொன்ன வேகத்தில் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"கேட்டுச்சா தாயி? இன்னொருக்கச் சொல்லணுமா?"

நன்றாகவே கேட்டிருந்தது. இருந்தாலும், "சொல்லுங்க" என்றேன்.