கேட்டு மேட்டில் நின்றுபோன கார்

என் எழுத்து கோணல்மாணலாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். அஞ்சாவதோடு நின்ற படிப்பு. முன்னால் நடந்தது பின்னாலும் பின்னால் நடந்தது முன்னாலும் வரும்.

போன மாதம் மருமகன் காரில் அரியலூர் மேம்பாலம் ஏறினோம். முன்னால் ஒரு சிமெண்டு லாரி ஊர்ந்தது. பாதி ஏற்றத்தில் நின்றுவிட்டோம். எங்கிருந்தோ கிளச்சு கருகுகிற வாடை வந்தது. என் கை தானாகச் சீட்டுக்கு அடியில் போய்த் துழாவியது.

"என்னத்தத் தேடுறீங்க அத்தை?"

"கட்டைய."

மருமகன் சிரித்தார். "இதுல டர்போ இருக்கு அத்தை, டார்க் ஜாஸ்தி. பின்னாடி உருளாது."

அவர் டார்க் என்கிறதை நாங்கள் இழுவை என்போம். அதற்கு அவர் விளக்கம் சொல்ல ஆரம்பித்தார். நான் வாயைத் திறக்கவில்லை. எப்போதுமே அப்படித்தான்.

பெரம்பலூரில் எங்கள் வீட்டுக்காரர் அம்பாசடர் வாடகைக்கு ஓட்டினார். அதில் கை பிரேக் பிடிக்காது. மேட்டில் நின்றால் பின்சக்கரத்துக்கு அடை கொடுக்க ஆள் வேண்டும். கிளீனர் வைத்துக்கொள்ளவில்லை, நான் போனேன். சேலை கட்டிய கிளீனர்! மடியில் புளியங்கட்டை, வாயில் பூட்டு.

அதிலிருந்தது பழைய டீசல் இன்ஜின். தடதடவென்று ஆடும். நெடுஞ்சாலையில் எல்லாரும் முந்துவார்கள். ஸ்டாண்டில், "என்னண்ணே, மாட்டைக் காணோம், வண்டி மட்டும் வருது?" என்பார்கள். அவருக்கு அது பொறுக்கவில்லை. ஒரு மெக்கானிக்கிடம் விட்டு, வேறொரு காரிலிருந்து கழற்றிய சின்னப் பெட்ரோல் இன்ஜினைப் பொருத்தினார். "இனிமே உங்கள ஒருத்தன் முந்தட்டும் பாப்போம்ணே" என்றார் மெக்கானிக்.

உண்மைதான், ஓட்டத்தில் பறந்தது. ஆனால் கிளம்பும்போது? பழைய இன்ஜின் நின்ற இடத்திலிருந்து நகரும்போதே என் முதுகைச் சீட்டோடு அழுத்தும். இதில் அந்த அழுத்தம் இல்லை. வீரிட்டுக் கத்தும், பிறகுதான் நகரும். வீட்டில் மிக்சியும் கிரைண்டரும் வைத்திருப்பவர்களுக்குப் புரியும். மிக்சி என்ன வேகம் சுற்றுகிறது, கெட்டி மாவு போட்டால் திணறி நின்றுவிடும். கிரைண்டர் மெதுவாகத்தான் சுற்றும், எதைப் போட்டாலும் அரைத்துவிடும். கிரைண்டரை எடுத்துவிட்டு மிக்சி வைத்துவிட்டார் என்று முதல் நாளே எனக்குத் தெரிந்தது. ஒர்க்‌ஷாப்பில் அத்தனை ஆம்பளைகள் நின்றார்கள். பேசாமல் ஏறி உட்கார்ந்தேன்.

பத்து நாள் கழித்து லப்பைக்குடிகாட்டிலிருந்து ஒரு சவாரி. துபாய்க்கு முதல் தடவையாகப் போகிற பையன். அரியலூரில் சென்னை ரயிலைப் பிடித்தால்தான் மறுநாள் விமானம். வழியனுப்ப அவன் அம்மா, அத்தா என்று அவன் கூப்பிடுகிற அப்பா, மாமன், அக்காள். மேலே கேரியரில் பெட்டிகள், அவற்றோடு அந்த அம்மா தன் கையால் போட்ட எலுமிச்சை ஊறுகாயும் முறுக்கும் ஒரு அட்டைப்பெட்டியில். அவ்வளவு கனத்தையும் பார்த்ததும் கட்டையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். வழியில் ரயில்வே கேட்டு மேடு இருக்கிறதே.

நினைத்தபடியே கேட்டு மூடியிருந்தது. சரிவில் நின்றோம். கூட்ஸ் போயிற்று, கேட்டு திறந்தது. முன்னால் இருந்தவை போய்விட்டன. இவர் கிளச்சை விட்டார். வண்டி உதறி அணைந்தது. மறுபடி உயிர்ப்பித்து மிதித்தார். கத்தல், கருகல் வாடை, அரை முழம் ஏறிப் பின்னால் உருண்டது. பின்னால் சுண்ணாம்புக்கல் லாரி ஓயாமல் ஹாரன் அடித்தது. குதித்துக் கட்டையைக் கொடுத்தேன்.

கேட்கீப்பர் கத்தினார்: "சென்னை வண்டி வந்துகிட்டிருக்கு, கேட்டப் போடணும், வாங்கய்யா!"

அது இவர்கள் ரயில். ஸ்டேஷன் அந்தப் பக்கம்.

இவர் மறுபடியும் சாவியைத் திருகினார். "ஏறிடும், இப்ப ஏறிடும்" என்றார். ஏறாது என்று எனக்குத் தெரியும்.

"ஏறாதுங்க! எல்லாரும் எறங்குங்க! தம்பி, நீங்க காரப் பாக்காதீங்க, பாஸ்போர்ட்டு பைய எடுத்துக்கிட்டு ஓடுங்க!"

என் குரலா அது என்று நானே திகைத்தேன். பையன் ஓடினான். மாமன் ஒரு பெட்டியை உருவித் தோளில் போட்டுக்கொண்டு பின்னாலேயே ஓடினார். அவர்கள் முதுகுக்குப் பின்னால் கேட்டு இறங்கியது. வீட்டாரால் அவன் கையைப் பிடித்துக்கூட வழியனுப்ப முடியவில்லை. ரயில் எங்கள் கண்முன்னால் போய் ஸ்டேஷன் பக்கம் மறைந்தது.

"யா அல்லாஹ், ஏறிட்டானா புள்ள?" என்று அந்த அம்மா என் கையைப் பிடித்தார். எனக்கென்ன தெரியும்? கைபேசி இல்லாத காலம்.

கேட்டு திறந்ததும் காரைத் தள்ளி ஏற்றி ஸ்டேஷனுக்குப் போனோம். மாமன் மட்டும் மூச்சிரைக்க உட்கார்ந்திருந்தார். "கடைசிப் பொட்டில ஏத்தி விட்டுட்டேன்க்கா." அந்த அம்மா அப்போதுதான் அழுதார். கயிறு அவிழ்க்காத அட்டைப்பெட்டி கேரியரிலேயே இருந்தது. "அவனுக்குத்தான் சேரல, உங்க வூட்டுக்காவது சேரட்டும்" என்று என்னிடம் கொடுத்துவிட்டார்.

திரும்பும்போது இவர் காரை மெதுவாகவே ஓட்டினார். பிறகு கேட்டார்.

"ஒனக்கு முன்னமே தெரியுமா?"

"தெரியும்ங்க."

"அப்ப ஏன் வாயத் தொறக்கல?"

"நீங்க கேக்கல."

அந்த ஊறுகாயை அவர் கடைசிவரை தொடவில்லை. மறுவாரமே டீசல் இன்ஜின் திரும்பி வந்தது. அதன்பிறகு எந்த ரிப்பேர் முடிந்தாலும், மெக்கானிக் முன்னாலேயே, "இழுவை எப்படி இருக்கு, சொல்லு" என்று கேட்பார். நானும் சொல்வேன்.

இப்போது அந்தக் கேட்டு இல்லை, அந்த இடத்தில்தான் மேம்பாலம். கார் எடைக்குப் போயிற்று. கேட்கிற அவரும் போய்விட்டார். பாலத்தில் மருமகன் கார் சத்தமில்லாமல் ஏறி இறங்கிவிட்டது.

முதலில் போனது கூட்ஸா பாசஞ்சரா, எங்களுக்கு முன்னால் நின்றது லாரியா பஸ்ஸா, சரியாக நினைவில்லை. அந்தக் காலத்தில் கேட்டில் நின்றவர்கள் யாராவது பார்த்துத் திருத்திவிடுங்கள். இழுவையைப் பற்றி எழுதியதை மட்டும் திருத்த வேண்டாம். அது என் முதுகுக்குத் தெரியும்.