ஏசியை அணைத்த தாய்மாமன்

போன ஞாயிற்றுக்கிழமை கர்நாடக மலையோரக் கிராமமான மார்டள்ளியில் என் தங்கை கௌரியின் மகளுக்குக் காது குத்து. நான் தாய்மாமன்... என் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். நான் போகாமல் ஆசாரி ஊசியை எடுக்க மாட்டார்.

மைசூரிலிருந்து காலையிலேயே கிளம்பிவிட்டோம், நானும் மனைவி சுமதியும். அவள் மைசூரிலேயே வளர்ந்தவள், பேச்சில் கன்னடம் கலக்கும். பெட்ரோலிலும் பேட்டரியிலும் ஓடும் புது ஹைப்ரிட் கார். பின் சீட்டில் சீர் தட்டுகள் - பட்டுப் பாவாடை, வெல்லம், வாழைத்தார். தட்டு சரியாமலிருக்க ஓரத்தில் ஜமக்காளத்தைச் சுருட்டித் திணித்தது அடியேன்தான். சாமர்த்தியம் என்று நினைப்பு!

ஹனூர் தாண்டி ஏற்றம் வந்தது. ஏற்றத்தில் ஏசியை அணைப்பது என் பல வருடப் பழக்கம். இன்ஜின் பாவம் இல்லையா? அணைத்தேன். தூசிக்காகக் கண்ணாடியையும் திறக்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் திரையில் எச்சரிக்கை: பேட்டரி சூடு. வண்டியும் தளர்ந்தது. ஓரம் கட்டி பானெட்டைத் திறந்தேன். இன்ஜினுக்கு ஒரு கூலன்ட் டப்பா, பேட்டரி மின்சாரத்தை மோட்டாருக்கு மாற்றித் தரும் இன்வெர்ட்டருக்குத் தனியாக ஒன்று. இரண்டும் நிறைந்தே இருந்தன. பிறகென்ன கேடு?

போன் அடித்தது. கௌரி.

"அண்ணா, எங்கீங்க இருக்கறீங்க? ஆசாரி வந்து உக்காந்துட்டாருங்க. நல்ல நேரம் போயிருமுங்க!"

"இதோ வந்துட்டே இருக்கோம்" என்று போனை வைத்தேன்.

"ரீ, இங்க வாங்க" என்றாள் சுமதி. பின் கதவைத் திறந்து குனிந்திருந்தாள். "இங்க ஒரு ஃபேன் கத்துது. நீங்க ஜமக்காளத்த அடைச்சீங்கல்லா, அதுக்குப் பின்னாடிதான்."

ஜமக்காளத்தை இழுத்தேன். சீட்டோரத்தில் வலை போட்ட ஒரு துவாரம்! அப்போதுதான் ஷோரூமில் சொன்னது உறைத்தது. இந்த வண்டியில் பின் சீட்டுக்கு அடியிலிருக்கும் பேட்டரியைக் குளிர்விக்கத் தண்ணீர் கிடையாது. நாம் உட்கார்ந்திருக்கும் அதே காற்றை அந்த ஃபேன் இழுத்துப் பேட்டரி மேல் விடுகிறது. அதுவும் நம்மோடு வரும் ஒரு பயணிதான். அதன் மூக்கையும் அடைத்து, ஏசியையும் அணைத்திருக்கிறேன்.

"நானும் அதுவும் ஒண்ணாத்தான் வேர்த்துட்டு வந்தோம்" என்றாள் சுமதி. "ஸ்வல்ப ஏசி போடுங்க."

போட்டேன். ஜமக்காளம் டிக்கிக்குப் போனது. தட்டுகளைப் பிடித்துக்கொண்டு சுமதி பின் சீட்டுக்குப் போனாள். சற்று நேரத்தில் எச்சரிக்கை மறைந்தது. வண்டி பழையபடி ஏறியது. அந்த நிம்மதியை எழுதிக் காட்ட முடியாது!

போய்ச் சேர்ந்தபோது நல்ல நேரம் முடிய இன்னும் கொஞ்சம் இருந்தது. குழந்தை என் மடியில். சுற்றிலும் சொந்தபந்தம், செல்போன்கள், நெரிசல். ஊசி பட்டதும் வீறிட்டாள். முகமெல்லாம் வியர்வை.

"எல்லாரும் தள்ளி நில்லுங்க... புள்ளைக்குக் காத்து வரட்டும்!" என்று கத்தினேன்.

கூட்டத்துக்குப் பின்னாலிருந்து சுமதியின் குரல்:

"நோடு, பாருங்க, இப்ப தெரியுது இவருக்கு!"