சுண்டைக்காயை நசுக்குன டகோட்டா

இந்தப் பேயி, முனி, காத்துக்கருப்பு இதுல எல்லாம் எனக்கு நம்பிக்கையே கெடையாதுங்க. முப்பத்தெட்டு வருசம் லாரி ஓட்டுனவன் நானு. திம்பம் மலை வளைவுல வண்டி படுத்துக்கிட்டு ரெண்டு நாள் ஒத்தையாக் கெடந்திருக்கறேன், சோத்துக்கு என்ன பண்றதுன்னு பயந்தனே தவிர மத்ததுக்கு இல்லீங்க. அப்படிப்பட்டவன் இதைச் சொன்னா நீங்க சிரிப்பீங்க, சிரிச்சுக்குங்க, நடந்தது நடந்ததுதான்.

லாரியை விட்ட பொறகு கை சும்மா இருக்க மாட்டேன்னுது. சரவணம்பட்டியில கம்ப்யூட்டர் வேலை பார்க்கற என்ற பையன் ஒரு அட்டைப்பெட்டி வாங்கியாந்து குடுத்தான், உள்ளார பிளாஸ்டிக் துண்டு துண்டா, ஒட்டுனா ஏரோப்ளேன். எனக்கு எழுத்துப் படிக்கத் தெரியாதுங்க, ஆனா எதை எங்க ஒட்டோணுமுன்னு கூட வர்ற காயிதத்துல எல்லாம் படமாத்தான் இருக்கும், அது போதும். அப்படியே புடிச்சுப்போச்சு. குண்டு போடறது, சுடறது எனக்கு வேண்டாமுன்னு சொல்லிப்போட்டேன். வெள்ளைக்காரன் காலத்து யுத்தத்துல அரிசி மூட்டை, மருந்து, ஆளு, கோவேறு கழுதை வரைக்கும் ஏத்திட்டுப் போச்சு பாருங்க, அந்த ப்ளேன் மட்டுந்தான். அது வானத்துல ஓடற லாரிதானுங்களே. பெரியநாயக்கன்பாளையத்துல என்ற ஊட்டு முன்னறையில பலகை அடிச்சு, பதினொண்ணு வரிசையா நிறுத்தி வெச்சிருக்கறேன். "பேரனுக்கு வாங்கிக் குடுக்கற வயசுல தனக்கு வாங்கிக்கறாரு"ன்னு ஊட்டுக்காரி ஊரெல்லாம் சொல்லியாச்சு.

ஆயுத பூசைக்கு லாரிக்குப் பண்றதை எல்லாம் இதுகளுக்கும் பண்ணுவனுங்க. மூக்குல சந்தனம் குங்குமம், றெக்கையில செவ்வந்தி. சக்கரத்துக்கடியில எலுமிச்சம்பழம் வெச்சு ஏத்தோணுமில்லீங்க, இந்தச் சக்கரம் புளியங்கொட்டை அத்தனைதான் இருக்கும், அதனால சுண்டைக்காய் வெப்பேன். வெரல்ல தள்ளுனா சுண்டைக்காய் உருண்டு ஓடிப்போயிரும். ப்ளேன் காத்தாட்ட இருக்கும், அது எங்க நசுக்கறது? ஒரு சாங்கியத்துக்குத்தான்.

போன வருசம் ஆயுத பூசை அன்னைக்குக் காலையில பக்கத்து ஊட்டு லூர்தக்கா வந்தாங்க. எண்பது தாண்டுனவங்க, ஒண்டி ஆளு. வேதக்காரங்கதான், ஆனா நம்மூட்டுப் பொரிகடலைக்கு ஒரு வருசம் தவறமாட்டாங்க. அடுத்த மாசம் அவங்களுக்கு இருதயத்துல ஆபரேசன்னு நாள் குறிச்சிருந்துச்சு. பலகையையே பார்த்துட்டு இருந்தவங்க, "ஏனுங் தம்பி, யுத்தத்துல அஸ்ஸாம் பக்கம் மூட்டை தள்ளுனது இதுல எதுங்?"ன்னாங்க. நான் டகோட்டாங்கற ப்ளேனைக் காட்டுனேன், பச்சைக் கலரு, எடது பக்கம் பெரிய கதவு.

அப்பத்தான் சொன்னாங்க. அவங்க அப்பா ஆரோக்கியம், பண்ணையத்துக் கூலி வேலை பார்த்தவரு, அக்காவுக்கு மூணு வயசு இருக்கையில யுத்தத்துக்கு ஆள் எடுக்கறாங்கன்னு அஸ்ஸாம் பக்கம் போயிட்டாராம். ப்ளேன்ல ஏறி மேலிருந்து மூட்டை தள்ளறேன்னு யாரையோ எழுதச் சொல்லி ஒரே ஒரு காயிதம் வந்துச்சாம், அத்தோட சரி. அக்காவோட அம்மா சாகற வரைக்கும் அவருக்கு ஆத்துமப் பூசை, அதான் செத்தவங்களுக்குச் சர்ச்சுல வெக்கற பூசை, வெக்க உடலையாம். "சேதி வராம பூசை வெச்சா, உசுரோட இருக்கறவரை நாமளே சாகடிச்ச மாதர ஆயிரும்னு சொல்லிப்போட்டாங்க. நானும் வெக்கல. இப்ப ஆபரேசன்ல நானும் போயிட்டா அவரு பேரைச் சொல்ல ஆரு இருக்கறா? வெக்கறதா வேண்டாமான்னு ஒண்ணும் தெரிய மாட்டேங்குது தம்பி"ன்னு சொல்லிட்டே டகோட்டா முதுகுல கையை வெச்சு எடுத்தாங்க.

நான் என்ற வேலையைப் பார்த்துட்டு இருந்தேன், ஒவ்வொண்ணாத் தள்ளிட்டு வந்து டகோட்டாவை வெரல்ல தள்ளுனேன். நகரலீங்க. உள்ளங்கையை வெச்சுத் தள்ளுனேன். நச்சுன்னு ரெண்டு சுண்டைக்காயும் நசுங்கி வெதை தெறிச்சுப்போச்சு. நம்புனா நம்புங்க, நம்பாட்டிப் போங்க.

எடுத்துப் பார்த்தேன். லோடு வண்டியா வெறும் வண்டியான்னு ஸ்டீரிங்கைத் தொட்டாலே சொல்லுவனுங்க நானு. அது லோடுங்க. ஊட்டுக்காரி வாங்கிப் பார்த்துட்டு, "ஏனுங்க, உள்ளார ஈயத்தைக் காச்சி ஊத்தி வெச்சிருக்கறீங்களா?"ன்னா. தெருமுனை மளிகைக் கடைத் தராசுல கொண்டுபோயி வெச்சேன், ரெண்டே முக்கால் கிலோ. கடைக்காரரு, "பெரியவரே, ப்ளேன்ல சக்கரை கடத்தறீங்களா?"ன்னு சிரிச்சாரு. ஊட்டுல இருந்து இன்னொண்ணை எடுத்துட்டுப் போயி வெச்சேன், அது கால் கிலோ கூட வரல.

திரும்பி வந்து சொன்னேன், லூர்தக்கா சிரிக்கல. "அப்பா ஏறி ஒக்காந்துட்டு இருக்கறாரு தம்பி. எறக்கி உடோணும்"னாங்க.

கல்லறைத் திருநாள் பூசைக்கு அக்கா அவங்க அப்பா பேரை எழுதிக் குடுத்துப்போட்டாங்க. டகோட்டாவைத் துணிப்பையில போட்டு நாந்தான் சர்ச்சுக்கு எடுத்துட்டுப் போனேன், கடைசி பெஞ்சுல மடியில வெச்சுட்டு ஒக்காந்திருந்தேன். சாமியாரு செத்தவங்க பேரை எல்லாம் வரிசையாப் படிச்சுட்டு வந்தாரு. "ஆரோக்கியம்"னாரு பாருங்க, லாரியில மூட்டை எறக்கறப்ப ஸ்பிரிங் பட்டை நிமுருமல்லங்க, அதாட்ட என்ற மடியில ஒண்ணு நிமுந்துச்சு. பூசை முடிஞ்சு வந்த அக்கா என்ற மூஞ்சியைத்தான் பார்த்தாங்க. "எறங்கிட்டாருங்களா தம்பி?" "எறங்கிட்டாருங்க்கா"ன்னேன். முந்தானையை வாயில வெச்சுட்டு அழுதாங்க பாருங்க, மூணு வயசுக் கொழந்தையாட்ட. ஆபரேசன் நல்லபடியா முடிஞ்சு இப்ப நல்லா இருக்கறாங்க, கொழம்புல உப்புப் பத்தலைன்னு என்ற ஊட்டுக்காரிகிட்டச் சண்டைக்கே வாராங்க.

அக்காகிட்ட ஒண்ணை மட்டும் நான் சொல்லலீங்க. அன்னைக்குச் சர்ச்சுல இருந்து வந்து திரும்பத் தராசுல வெச்சேன். ரெண்டே கால் கிலோ. அக்காவுக்கு நான் சொன்னது பொய்யில்லீங்க, அவரு எறங்கிட்டாரு. ஆனா வண்டி இன்னும் லோடுதான். அந்த ப்ளேன்ல அவரு ஒருத்தர் மட்டுமா போயிருப்பாரு, சொல்லுங்க. ஊருக்குள்ள விசாரிச்சு, யுத்தத்துக்குப் போயித் திரும்பாதவங்கன்னு மூணு பேருத்துப் பேரைக் கேட்டுட்டு வந்து அதுகிட்டச் சொல்லியும் பார்த்துட்டேன், அசையவே இல்ல.

உங்க ஊட்டுப் பெரியவங்க யாராச்சும் அப்படிப் போனவங்க உண்டுங்களா? பேரை மட்டும் சொல்லுங்க. இருங்க, அதை எடுத்து மடியில வெச்சுக்கறேன்.